வீட்டு இணைய இணைப்பு அறுபடுதல்

வீட்டு இணைய இணைப்பு அறுபடுதல் என்பது, வீடுகளுக்கு வழங்கப்படும் அகலப்பட்டை இணைப்பு முற்றாக நின்றுவிடாமல், சில நொடிகளோ சில நிமிடங்களோ துண்டிக்கப்பட்டுப் பின்னர் தானாகவே மீளும் பழுதினைக் குறிக்கும். இணைப்பின் வேகம் குறைதல் இதனின்றும் வேறானது. முற்றாக நின்றுபோன இணைப்பை எவரும் எளிதில் சோதித்து அறியலாம். விட்டுவிட்டு அறுபடும் இணைப்போ, ஊழியர் வந்து பார்க்கும் வேளையில் பெரும்பாலும் சரியாகவே இயங்கும். "சோதித்தபோது சரியாக உள்ளது" என்னும் குறிப்புடன் முறையீடு முடித்து வைக்கப்படுவதற்கு இதுவே முதன்மைக் காரணம் ஆகும். எனவே இப்பழுதைப் பொறுத்தவரை, இணைப்பு எந்த இடத்தில் அறுகிறது, எந்த நேரத்தில் அறுகிறது ஆகிய இரண்டையும் பயனரே கண்டறிந்து குறித்து வைப்பது பழுது நீக்குதலின் பெரும்பகுதி ஆகிறது.

தமிழ்நாட்டின் திண்டுக்கல் நகரும் அதனைச் சூழ்ந்த சமவெளியும் இப்பழுதின் ஏறத்தாழ எல்லா வகைகளையும் காணத்தக்க பகுதியாகும். நகரின் பழைய தெருக்களில் செம்புக் கம்பி, புறநகர்களில் மின்கம்பம் வழியே செல்லும் ஒளியிழை, ஊருக்கு வெளியே தொலைவில் அமைந்த தோட்ட வீடுகள், அடிக்கடி மின்விசைப்பொறிகள் ஓடும் ஆலைகளும் கிணறுகளும் என அனைத்தும் இங்கே அடுத்தடுத்து அமைந்துள்ளன.

திண்டுக்கல் பகுதியில் இணைய இணைப்பு

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை 1995 ஆகத்து 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் தொடங்கியது. அக்காலத்தில் தொலைபேசி எண்ணைச் சுழற்றி இணையும் முறையே இருந்தது. இணையத்தில் இருக்கும் வரை வீட்டுத் தொலைபேசிக்கு அழைப்பு வராது. 2000 அக்டோபர் 1 அன்று பாரத் சஞ்சார் நிகம் (பி.எஸ்.என்.எல்.) உருவானது. அந்நிறுவனம் 2005 சனவரியில் டேட்டாஒன் என்னும் பெயரில் ஏடிஎஸ்எல் தொழில்நுட்பத்தில் அமைந்த அகலப்பட்டைச் சேவையைத் தொடங்கியது. திண்டுக்கல் மாவட்டம் 1985 இல் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டதாயினும், பி.எஸ்.என்.எல். நிர்வாகத்தில் மதுரை தொலைத்தொடர்பு மாவட்டத்துடனேயே இருந்தது. திண்டுக்கல் நகரின் தொலைபேசிக் குறியீடு 0451 ஆகும்.

அகலப்பட்டை எனும் சொல்லின் பொருளும் காலத்தோடு மாறியது. 2004 ஆம் ஆண்டின் அகலப்பட்டைக் கொள்கையில் நொடிக்கு 256 கிலோபிட் வேகம் இருந்தாலே அது அகலப்பட்டை எனப்பட்டது. பின்னர் அது 512 கிலோபிட்டாகவும், 2023 இல் 2 மெகாபிட்டாகவும் உயர்த்தப்பட்டது. செம்புக் கம்பி இணைப்புகள் படிப்படியாகக் குறைந்து, அவற்றின் இடத்தை ஒளியிழை இணைப்புகள் பிடித்தன. நகரங்களில் கம்பிவடத் தொலைக்காட்சி நடத்துநர்கள் பலர் இணையமும் வழங்கத் தொடங்கினர். ஊராட்சிகளுக்கென, பாரத்நெட் திட்டத்தின் கீழ் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளை ஒளியிழையால் இணைக்கும் பணி தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

இணைப்பு அறுபடுவது முதலில் பொழுதுபோக்குக்கான இடையூறாகவே கருதப்பட்டது. 2018 இல் தமிழ்நாட்டின் பொறியியல் மாணவர் சேர்க்கைக் கலந்தாய்வு இணையவழிக்கு மாறியபோது, கல்லூரி விருப்பப் பட்டியலைக் குறித்த நாளுக்குள் பதிவு செய்து உறுதிப்படுத்துதல் மாணவரின் பொறுப்பாயிற்று. 2020 மார்ச்சில் ஊரடங்கு தொடங்கிய பின்னர் வகுப்புகளும் கல்லூரித் தேர்வுகளும் கூட வீட்டு இணைப்பை நம்பியே நடந்தன. விடைத்தாளைப் பதிவேற்றும் பத்து நிமிடத்தில் நேரும் ஓர் அறுபடல், மாதக் கணக்கில் மெதுவாக இயங்கும் இணைப்பைவிடக் கொடிய விளைவைத் தரக்கூடியது.

இணைப்பின் வழி

கணினியில் ஒரு பக்கம் திறக்க வேண்டுமெனில் வேண்டுகோள் பல கண்ணிகளைத் தாண்டிச் செல்ல வேண்டும். கணினிக்கும் ரவுட்டருக்கும் இடையில் உள்ள கம்பியில்லாத் தொடர்பு அல்லது வடம், ரவுட்டரும் அதன் மின்வழங்கியும், வீட்டுச் சுவரிலுள்ள இணைப்புப் பெட்டி, அங்கிருந்து தெருக் கம்பம் வரை செல்லும் கம்பி, தெருவிலிருந்து இணைப்பகம் வரையிலான வடம், சேவையாளரின் நுழைவு வழங்கி, அதற்கப்பால் சென்னை அல்லது மும்பை வழியாகச் செல்லும் நெடுந்தொலைவுப் பாதை என இவை நீளும். இவற்றுள் எந்தக் கண்ணி அறுந்தாலும் பயனரின் திரையில் தோன்றுவது ஒரே செய்திதான். மோடத்தின் முகப்பிலுள்ள சிறு விளக்குகள் மட்டுமே வேறுபாட்டைக் காட்டுகின்றன. இணைப்பு அறுந்தவுடன் பலரும் முதலில் செய்வது மோடத்தை அணைத்துப் போடுதல் ஆகும். அவ்வாறு செய்வதால் விளக்குகள் காட்டிய தடயம் அழிந்துவிடுகிறது. அணைப்பதற்கு முன் விளக்குகளைப் பார்த்தல் இப்பழுதறிதலின் முதற்படி.

எல்லா விளக்குகளும் ஒருசேர அணைந்து மீண்டும் ஒளிர்ந்தால் பழுது மின்சாரத்தைச் சார்ந்தது. மின்விளக்கு நிலையாக ஒளிர, இணைப்பு விளக்கு மட்டும் சிமிட்டினால் பழுது வெளிக்கம்பியில் உள்ளது. இணைப்பு விளக்கு நிலையாக இருந்து இணைய விளக்கு மட்டும் அணைந்தால் சேவையாளரின் நுழைவு வழங்கியிலோ கடவுச்சொல்லிலோ சிக்கல் இருக்கலாம். எல்லா விளக்குகளும் சரியாக இருந்தும் பக்கம் திறக்கவில்லையெனில் வீட்டினுள் உள்ள கம்பியில்லா வலையையோ களப்பெயர் முறைமையையோ ஐயுற வேண்டும்.

செம்புக் கம்பி இணைப்பில் அறுபடல்

ஏடிஎஸ்எல் முறையில், குரலுக்கென இழுக்கப்பட்ட ஒரு சோடிச் செம்புக் கம்பியிலேயே இணையமும் செல்கிறது. குரல் 4 கிலோகெர்ட்சுக்குள் அடங்கிவிடும். அதற்கு மேலே ஏறத்தாழ 1,100 கிலோகெர்ட்சு வரையிலான பகுதி, ஒவ்வொன்றும் 4.3125 கிலோகெர்ட்சு அகலமுள்ள 256 சிறு தடங்களாகப் பிரிக்கப்படுகிறது. பின்வந்த ஏடிஎஸ்எல்2+ முறையில் தடங்கள் 512 ஆயின. மோடம் இணையும்போது ஒவ்வொரு தடத்திலும் எவ்வளவு இரைச்சல் உள்ளது என்று அளந்து, அதற்கேற்பத் தரவை ஏற்றிக்கொள்கிறது. இணைந்த பின் இரைச்சல் கூடினால், இருக்கும் ஒப்பந்தத்தை விட்டுவிட்டு மறுபடியும் முதலிலிருந்து அளக்கத் தொடங்கும். இதற்கு அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை ஆகும். பயனர் காணும் அறுபடல் இதுவே.

ஆகவே செம்புக் கம்பி இணைப்பின் நலத்தை இரண்டு எண்கள் சொல்லிவிடும். உலாவியில் 192.168.1.1 என்னும் முகவரியைத் திறந்தால் பெரும்பாலான மோடங்களில் இவ்விரண்டையும் காணலாம். முதலாவது, கம்பியில் சமிக்ஞை அடையும் மெலிவு. ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 13 முதல் 14 டெசிபெல் என்பது பழக்கத்திலுள்ள தோராயக் கணக்கு. 48 டெசிபெல் மெலிவு காட்டும் வீடு இணைப்பகத்திலிருந்து கம்பி வழியே மூன்றரைக் கிலோமீட்டர் தள்ளியுள்ளது எனக் கொள்ளலாம். வீதி வழியாகச் சுற்றிவரும் கம்பியின் நீளமே இங்கே கணக்கு, நேர்க்கோட்டுத் தொலைவு அன்று. இரண்டாவது, இரைச்சலுக்கு மேல் சமிக்ஞை நிற்கும் இடைவெளி. இது 6 டெசிபெல்லுக்குக் கீழே சென்றால் இணைப்பு அடிக்கடி அறும். 10 டெசிபெல்லுக்கு மேல் இருப்பின் பொதுவாக நிலைத்து நிற்கும். மெலிவு மாறாத எண். இடைவெளியோ மணிக்கு மணி மாறும். நகரின் நடுவே உள்ள வீட்டுக்கு இடைவெளி தாராளமாக இருக்கும். சமவெளியில் ஊரை விட்டுத் தள்ளியிருக்கும் தோட்ட வீடுகளுக்கு, கம்பி ஐந்து கிலோமீட்டரை எட்டும்போது எந்த மோடத்தை மாற்றினாலும் பயன் இராது.

திண்டுக்கல் பகுதி தன் மழையில் பெரும்பங்கை அக்டோபர் முதல் திசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவக்காற்றில் பெறுகிறது. மழை தொடங்கிய சிறிது நேரத்தில் இணைப்பு அறுந்து, வெயில் ஏறிய பின் மீண்டால், கம்பத்தின் டி.பி. பெட்டியிலோ கம்பியின் ஒட்டிலோ நீர் புகுகிறது என்று பொருள். செம்பு ஒட்டில் பச்சைக் களிம்பு ஏறினால் மின்தடை கூடும். இத்தகைய ஒட்டு ஒரு வியப்பான குறியைக் காட்டும்: தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்திருக்கும் வரை இணையம் நன்றாக இருக்கும், வைத்தவுடன் அறும். எடுத்த தொலைபேசியின் வழியே பாயும் நேர்மின்னோட்டம் களிம்பைத் தற்காலிகமாக ஊடுருவுவதே இதற்குக் காரணம். இதற்கு எதிர்மாறாக, தொலைபேசி மணி ஒலிக்கும்போது மட்டும் இணைப்பு அறுமாயின், குரலையும் தரவையும் பிரிக்கும் பிரிப்பான் இல்லாமல் ஏதோவொரு தொலைபேசி இணைக்கப்பட்டுள்ளது எனலாம். மாடியறைக்கென்று முன்னொரு காலத்தில் இழுத்து மறந்துபோன இணைத்தொலைபேசியே பல வீடுகளில் குற்றவாளி.

சோடியில் ஒரு கம்பி மட்டும் அறுந்திருப்பினும் இணையம் தட்டுத்தடுமாறி இயங்குவதுண்டு. அப்போது தொலைபேசியில் சுழற்றொலி கேட்காது. "தொலைபேசி இல்லை, இணையம் மட்டும் வருகிறது" என்பது குழப்பமான முறையீடாகத் தோன்றினும், கம்பி ஊழியருக்கு அது மிகத் தெளிவான குறிப்பாகும். சுழற்றொலி நன்றாகக் கேட்கிறது என்பதனால் மட்டும் கம்பி நலமாக உள்ளது என முடிவு செய்வது அதைவிடப் பெரிய தவறு. குரல் பயன்படுத்தும் 4 கிலோகெர்ட்சு, கம்பியின் முழுப் பயன்பாட்டில் ஒரு சிறு மூலையே.

இரவில் மட்டும் அறுபடும் இணைப்பு தனி வகை. வானொலியின் மத்திய அலை ஏறத்தாழ 530 முதல் 1,600 கிலோகெர்ட்சு வரை பரவியுள்ளது. ஏடிஎஸ்எல் தடங்களின் பெரும்பகுதியும் அங்கேயே அமைந்துள்ளது. மதுரை வானொலி நிலையத்துக்கு ஒதுக்கப்பட்ட 1269 கிலோகெர்ட்சு, ஏடிஎஸ்எல்2+ இன் தடங்களுள் விழும் ஓர் எண். சூரியன் மறைந்த பின் மத்திய அலை வானின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி நெடுந்தொலைவு செல்வதால், மேலே தொங்கும் நீண்ட கம்பி ஓர் அலைவாங்கிபோல் அதனை ஏற்கிறது. பகலில் 9 டெசிபெல் இருந்த இடைவெளி இரவில் 5 ஆகக் குறைவது இயல்பு. இதற்குத் தீர்வு, சேவையாளரிடம் கேட்டு வேகத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்வதே. வேகத்தை விட்டுக்கொடுத்து நிலைப்பைப் பெறுவது தேர்வுக்காலத்தில் நல்ல பேரமாகும்.

வேடசந்தூர்ப் பகுதியின் நூற்பாலைகள், நகரின் பற்றவைப்புப் பட்டறைகள், வயல்வெளிகளின் நீர்மூழ்கி மோட்டார்கள் ஆகியவற்றின் அருகே, பொறி இயங்கத் தொடங்கும் கணத்தில் எழும் திடீர் இரைச்சல் இணைப்பைக் குலைக்கலாம். மின்வழங்கி கெட்டுப்போன ஒரு மலிவான விளக்கும் இதையே செய்யும். இதனைத் தேட விலையுயர்ந்த கருவி தேவையில்லை. மத்திய அலை பிடிக்கும் சிறு கைவானொலியை நிலையம் இல்லாத ஓர் இடத்தில் வைத்து வீட்டைச் சுற்றி வந்தால், இரைச்சலிடும் கருவியின் அருகே வானொலி கரகரக்கும்.

மின்சாரம்

தமிழ்நாட்டில் 2008 முதல் சில ஆண்டுகள் நீடித்த மின்பற்றாக்குறை 2012 இல் உச்சத்தை அடைந்தது. சென்னைக்கு வெளியே உள்ள மாவட்டங்களில் நாள்தோறும் பல மணி நேரம் மின்வெட்டு நிலவியது. தொலைபேசி, இணைப்பகத்தின் 48 வோல்ட்டு மின்கலத்திலிருந்தே ஆற்றல் பெறுவதால் மின்வெட்டிலும் இயங்கியது, மோடம் இயங்கவில்லை. பற்றாக்குறை நீங்கிய பின்னும், துணைமின்நிலையப் பராமரிப்புக்கென அறிவிக்கப்படும் பகல்நேர மின்தடை தொடர்ந்தது. அறிவிக்கப்பட்ட மின்தடையைத் திட்டமிட்டுச் சமாளிக்கலாம். தொல்லை தருவது அறிவிக்கப்படாத ஒரு நொடித் தடையே. இன்வெர்ட்டர் உள்ள வீட்டிலும் மாற்று மின்சாரம் வந்துசேரும் அந்த ஒரு கண இடைவெளியில் மோடம் அணைந்து மறுபடி தொடங்கும். விளக்கு ஒருமுறை சிமிட்டியதைக் காணும் பயனர், இணையம் இரண்டு நிமிடம் போனதை அதனுடன் தொடர்புபடுத்துவதில்லை. மோடத்துக்கென்றே உள்ள 12 வோல்ட்டுச் சிறு மின்கலப் பெட்டி இதனைத் தீர்க்கும். வாங்குமுன் மோடத்தின் அடியில் அச்சிடப்பட்ட வோல்ட்டும் ஆம்பியரும் பொருந்துகின்றனவா எனப் பார்த்தல் வேண்டும். 9 வோல்ட்டு மோடங்களும் உண்டு.

மின்வழங்கி மெல்ல மெல்லக் கெடுவதும் உண்டு. அதனுள் இருக்கும் மின்தேக்கி வெப்பத்தால் உலர்ந்து, சுமை கூடும் நேரத்தில் வோல்ட்டு தாழும். கோடைப் பிற்பகலில் மட்டும், அல்லது பலர் ஒரே சமயம் காணொளி பார்க்கும்போது மட்டும் மோடம் மறுதொடக்கம் ஆனால் மின்வழங்கியை மாற்றிப் பார்ப்பதே மலிவான முதற்சோதனை.

தெருவின் மின்சாரமும் வீட்டு இணைப்பைப் பாதிக்கும். கம்பிவட நடத்துநர்கள் சிலர் கம்பத்திலோ வழியிலுள்ள ஒரு வீட்டிலோ மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுப் பெட்டியை வைத்து இணைப்பைப் பிரிக்கின்றனர். அந்தத் தெருவில் மின்சாரம் போனால், மின்சாரம் இருக்கும் அடுத்த தெருவிலும் இணையம் அறும். தன் வீட்டில் எந்தக் குறையும் காணாத பயனர் மோடத்தை மாற்றிக்கொண்டே இருப்பார். அறுபடும் வேளையில் அதே நடத்துநரிடம் இணைப்புப் பெற்ற பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்டல் இங்கே மிகுந்த பயன் தரும்.

இடிமின்னலின்போது மின்செருகியை மட்டும் கழற்றுவது போதாது. ஏப்ரல், மே மாதக் கோடை மழையில் மின்னலின் அதிர்வு தொலைபேசிக் கம்பி வழியாகவும் வரும். செம்புக் கம்பி இணைப்பில் அதனையும் கழற்றி வைத்தல் வேண்டும். ஒளியிழை மின்சாரத்தைக் கடத்தாது எனினும், இழையுடன் தாங்குகம்பியாக உலோகம் சேர்ந்து வரும் வடங்கள் உண்டு.

ஒளியிழை இணைப்பில் அறுபடல்

வீட்டுக்கு வரும் ஒளியிழையில் பெரும்பாலும் ஜிபான் என்னும் முறை பயன்படுகிறது. இணைப்பகத்திலிருந்து வரும் ஓர் இழை, மின்சாரம் தேவைப்படாத ஒளிப்பிரிப்பானால் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பகிரப்படுகிறது. கீழிறங்கும் தரவு 1490 நானோமீட்டர் ஒளியிலும், மேலேறும் தரவு 1310 நானோமீட்டர் ஒளியிலும் ஒரே இழையில் செல்கின்றன. 20 கிலோமீட்டர் வரை எட்டக்கூடியதாதலால், செம்புக் கம்பியின் தொலைவுச் சிக்கல் இங்கே இல்லை. வானொலி இரைச்சலும் மழைக்களிம்பும் ஒளியைத் தீண்டுவதில்லை.

ஒளியிழையின் பகை வளைவும் அழுக்கும் ஆகும். சாதாரண இழை மூன்று சென்டிமீட்டர் ஆரத்துக்கும் குறைவாக வளைக்கப்பட்டால் ஒளி கசியும். சன்னல் சட்டத்தில் நசுங்கிய இழை, சன்னலைச் சாத்தும்போதெல்லாம் இணைப்பை அறுக்கும். எல்.ஓ.எஸ். என்னும் சிவப்பு விளக்கு எரிந்தால் வெளிச்சம் வந்து சேரவில்லை என்று பொருள். அது விட்டுவிட்டு எரிந்தால் இழை எங்கோ ஆடுகிறது அல்லது ஒளியின் வலிமை எல்லையில் உள்ளது. வீட்டுப் பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் பெறப்படும் ஒளியின் வலிமை டிபிஎம் அளவில் காட்டப்படும். −8 முதல் −27 வரை ஏற்கத்தக்கது. −20 இல் இருந்த அளவு ஒரு மாதத்தில் −26 ஆகியிருந்தால், இணைப்பு இன்னும் அறவில்லையென்றாலும் அறப்போகிறது. இழையின் முனையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்கலாகாது. அந்த ஒளி கண்ணுக்குப் புலப்படாது. எனினும் விழித்திரைக்குத் தீங்கு செய்யலாம்.

தெருவில் இழை பெரும்பாலும் கம்பங்களில் தொங்குகிறது. வைக்கோல் ஏற்றிய உயரமான வண்டிகள் தாழத் தொங்கும் வடத்தை இழுத்துவிடும். அணிலும் எலியும் மேலுறையைக் கொறிக்கும். மண்ணுக்குள் புதைத்த வடங்களுக்குச் சாலை அகலப்படுத்தலும் குடிநீர்க் குழாய்க்கும் சாக்கடைக்கும் தோண்டும் பள்ளங்களும் ஊறு செய்யும். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரைகடந்த கஜா புயல் மேற்கு நோக்கி நகர்ந்து திண்டுக்கல் மாவட்டத்தையும் கடந்தது. அத்தகைய நாட்களில் மின்கம்பத்தோடு இணையமும் வீழும். அதற்கு வீட்டில் செய்யத்தக்கது எதுவுமில்லை.

வீட்டினுள் கம்பியில்லா வலை

இணைப்பு அறுகிறது எனப்படுவனவற்றுள் கணிசமானவை உண்மையில் வைஃபை அறுபடல்களே. இதனைப் பிரித்தறிய ஒரே வழி, கணினியை ஒரு வடத்தால் ரவுட்டருடன் நேரே இணைத்து ஓரிரு நாள் பயன்படுத்திப் பார்ப்பது. வடத்தில் அறாமல் வைஃபையில் மட்டும் அறுமாயின் வெளிக்கம்பியைக் குறைகூற இயலாது. 2.4 கிகாகெர்ட்சுப் பட்டையில் ஒன்றோடொன்று மோதாத வழிகள் 1, 6, 11 ஆகிய மூன்றே. நெருங்கிய வீடுகள் கொண்ட தெருவில் பத்து ரவுட்டர்கள் இம்மூன்றையும் பங்கிட்டுக்கொள்கின்றன. 5 கிகாகெர்ட்சு இதற்கு மாற்று. ஆயினும் அது தடித்த சுவரைத் தாண்டாது. பழைய கருங்கல், செங்கல் சுவர் வீடுகளில் பின்கட்டுக்கு ஒரு வடம் இழுத்துவிடுவதே நிலையான தீர்வாகும். ரவுட்டரை இரும்பு அலமாரிக்குள் பூட்டி வைத்தல் நன்றன்று.

நுழைவும் களப்பெயரும்

பல சேவையாளர்கள் பிபிபிஓஈ என்னும் நெறிமுறை வழியாகப் பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் சரிபார்த்த பின்னரே இணையத்தைத் திறக்கின்றனர். டேட்டாஒன் காலத்தில் கணினியிலேயே இதனைச் செய்தவர்கள் விண்டோசில் 691, 678 ஆகிய பிழை எண்களை மனப்பாடமாக அறிந்திருந்தனர். 691 என்பது பெயர் அல்லது கடவுச்சொல் ஏற்கப்படவில்லை என்றும், 678 என்பது மறுமுனை மறுமொழி தரவில்லை என்றும் பொருள்படும். முன்னதற்குக் கட்டண நிலுவையும் காரணமாகலாம்; பின்னதற்குக் கம்பியைப் பார்க்க வேண்டும். அதே கணக்கை இன்னோரிடத்தில் பயன்படுத்தினாலும் முதல் இணைப்பு அறும்.

செய்திச் செயலி இயங்க, இணையப் பக்கங்கள் மட்டும் திறக்கவில்லையெனில் களப்பெயர் வழங்கியே பழுதாகும். 8.8.8.8 அல்லது 1.1.1.1 போன்ற பொது வழங்கியை ரவுட்டரில் இட்டுப் பார்க்கலாம்.

இடத்தையும் நேரத்தையும் குறித்தல்

பிங் என்னும் கட்டளை ஒரு முகவரிக்குச் சிறு பொட்டலத்தை அனுப்பி அது திரும்பி வரும் நேரத்தை அளக்கிறது. விண்டோசு, லினக்சு இரண்டிலும் இது உள்ளது. இரண்டு சாளரங்களைத் திறந்து, ஒன்றில் வீட்டு ரவுட்டரின் முகவரிக்கும் மற்றொன்றில் 8.8.8.8 க்கும் இடைவிடாது பிங் செய்துகொண்டிருக்க, அறுபடும் கணத்தில் எது நிற்கிறது எனத் தெரியும். இரண்டும் நின்றால் பழுது வீட்டினுள். ரவுட்டர் மறுமொழி தந்து வெளிமுகவரி மட்டும் நின்றால் பழுது வெளியே. முகவரி எண்ணுக்கு மறுமொழி வந்து, பெயரிட்ட தளம் மட்டும் வரவில்லையெனில் களப்பெயர். இந்த ஏணியில் கீழ்ப்படியிலிருந்து மேலே செல்ல வேண்டும். மேலிருந்து தொடங்கினால் ஒன்றும் விளங்காது.

இத்துடன் ஒரு தாளில் நாள், மணி, எவ்வளவு நேரம் அறுந்தது, எந்த விளக்கு அணைந்தது, அப்போது மழையா, மின்தடையா, தொலைபேசி ஒலித்ததா ஆகியவற்றை ஒரு வாரம் எழுதி வந்தால் பெரும்பாலும் வடிவம் தானே தோன்றும். எடுத்துக்காட்டாக, நாள்தோறும் மாலை ஏழு மணி முதல் பத்து வரை மட்டும் வெளிமுகவரியின் நேரம் 30 மில்லிநொடியிலிருந்து 400 ஆக உயர்ந்து பொட்டலங்கள் தொலைந்தால், கம்பியில் குறையில்லை, சேவையாளரின் பாதையில் நெரிசல் உள்ளது. சரியாக இருபத்துநான்கு மணிக்கொருமுறை அறுந்தால் அது நுழைவுக் காலவரையறை, பழுதே அன்று.

வீட்டுக்கும் ஊருக்கும் அப்பால் நிகழும் துண்டிப்பும் உண்டு. 2008 சனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே சீ-மீ-வி 4, ஃபிளாக் ஆகிய கடலடி வடங்கள் அறுந்தபோது இந்தியாவின் வெளிநாட்டு இணையப் போக்குவரத்து பெரிதும் பாதிக்கப்பட்டது. அந்நாட்களில் மோடத்தின் எல்லா விளக்குகளும் பச்சையாகவே இருந்திருக்கும்.

முறையீடு

பி.எஸ்.என்.எல். தொலைபேசிப் பழுதுக்கு 198 என்னும் எண் நெடுங்காலம் வழங்கிவந்தது. எந்தச் சேவையாளரானாலும், முறையீட்டுக்கு ஒரு பதிவெண் தருதல் விதியாகும். பதிவெண் இல்லாத வாய்மொழி முறையீட்டைக் கணக்கில் எடுக்க இயலாது. தெரு ஊழியரின் கைப்பேசிக்கு நேரே அழைப்பது விரைவில் வேலை முடிக்கும் வழியாக இருப்பினும், அது பதிவில் ஏறாது என்பதை மறத்தல் கூடாது.

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2006 ஆம் ஆண்டு அகலப்பட்டைத் தர விதிகள், பழுதுகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேற்பட்டவை அடுத்த வேலைநாளுக்குள்ளும், ஏறத்தாழ அனைத்தும் மூன்று வேலைநாட்களுக்குள்ளும் நீக்கப்பட வேண்டும் என்றன. மூன்று வேலைநாட்களைக் கடந்தால் கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தரவும் அவை வகைசெய்தன. 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகளிலும், மூன்று நாட்களைக் கடந்த கம்பிவழிப் பழுதுக்கு ஈடு அளிக்கும் ஏற்பாடு உள்ளது. விட்டுவிட்டு அறும் இணைப்புக்கு இவ்விதியைப் பயன்படுத்துவது கடினம். ஒவ்வொரு முறை மீளும்போதும் பழுது நீங்கியதாகவே கணக்காகிவிடுகிறது. ஆகவே தனித்தனி அறுபடல்களுக்காக அன்றி, ஒரே பழுது இன்னும் நீங்கவில்லை என்று முந்தைய பதிவெண்ணைச் சுட்டி, நேரக் குறிப்புகளையும் இரைச்சல் இடைவெளி அல்லது ஒளிவலிமை எண்ணையும் இணைத்து எழுத்தில் முறையிட வேண்டும். "இணையம் சரியில்லை" என்பதைக் காட்டிலும், "மழை பெய்த மூன்று நாட்களிலும் இடைவெளி 12 இலிருந்து 4 டெசிபெல்லுக்கு இறங்கியது" என்பது ஊழியரை மோடத்திடம் அனுப்பாமல் கம்பத்திடம் அனுப்பும்.

அதிலும் தீர்வு கிட்டாவிடின் அதே சேவையாளரின் மேல்முறையீட்டு அதிகாரியை அணுகலாம். ஒழுங்குமுறை ஆணையம் தனிநபர் முறையீடுகளை நேரடியாக விசாரிப்பதில்லை. அதற்கு எழுதப்படும் மடல்கள் சேவையாளருக்கே அனுப்பி வைக்கப்படுகின்றன.